செங்கல் சூளைக் குட்டையில் மீன் இருந்தது

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் திரு. ஃபாஸ்டைக் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் பெரில் ரடர்ஹாம் அம்மையாரே, மழையிலும் பனியிலும் கரையைவிட்டு எழாத கெண்டைத் தூண்டில்காரர்களே, வாடகை கேட்காமல் இந்த மாடி அறையைத் திறந்துவிட்ட மதுக்கடைக்காரரே, அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. நானாகத்தான் எழுந்து வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும். உங்களில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறீர்கள். வெளியே தென்மேற்குக் காற்று வெதுவெதுப்பாக எழுந்திருக்கிறது. இந்நேரம் நம் ஏரியின் வடகிழக்கு மூலையில் மீன் மேயத் தொடங்கியிருக்கும் என்று உங்கள் கால்கள் பரபரக்கின்றன. கிளைவ் ரடர்ஹாம் உயிரோடு இருந்திருந்தால் தன் இரங்கல் கூட்டத்தையே பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

கிளைவ் ரடர்ஹாம் யார்? மொராக்கோ மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தப் பெரிய நீர்த்தேக்கத்தில் நம் சங்கத்துப் படகுகளை முதன்முதலில் இறக்கியவர். யாரைக் கூட்டிப் போவது, யாரை விட்டுப் போவது என்று தனி ஒருவராக முடிவு செய்தவர். அந்த முடிவை எதிர்த்து ஒருவராவது வாயைத் திறந்ததுண்டா? நான் திறந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பயணத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் ஒருவருக்கும் மீன் இல்லை. பாறை நூலை அறுக்கிறது, கூடாரத்தைக் காற்று பிய்க்கிறது, ரொட்டி தீர்ந்துகொண்டே வருகிறது. அப்போது ஒருவன் சொன்னான்: "அக்கரையில பெருசு ஒண்ணு மாட்டுச்சுப்பா. கோல வளைச்சு அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு." அது பச்சைப் பொய். வெறுங்கையோடு நிற்க வெட்கப்பட்டுச் சொன்ன பொய். அதை நம்பி எல்லோரும் படகைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குக் கிளம்பினார்கள். நடுவில் மலைக்காற்று இறங்கி ஒரு படகைக் கவிழ்த்தது. தண்ணீருக்குள் போன ஒருவரைக் கிளைவ் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அவர் இன்று இந்த மேடையில் தலைவராக அமர்ந்திருக்கிறார். முடிதான் இப்போது இல்லை.

அன்றைக்குக் கிளைவ் ஒரு முடிவுக்கு வந்தார். மலைநாட்டு நீரில் திறமையில்லாதவனைச் சமாளித்துவிடலாம். பொய் சொல்கிறவனைச் சமாளிக்க முடியாது. அதனால்தான் மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படத்தை யார் அனுப்பினாலும் அவர் பார்க்காமலே திருப்பி அனுப்பினார். அனுபவசாலி என்று சொல்லி வந்தவர்களை எல்லாம் செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் களிமண் குட்டைக்கு அனுப்பினார். சனி, ஞாயிறு அங்கே உட்கார வேண்டும். திரும்பி வந்ததும் தேநீர் ஊற்றிக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "என்ன ஆச்சு?"

தேர்வானவர்கள் இதுவரை வெளியே சொல்லாத ரகசியத்தை இன்று நான் சொல்கிறேன். குட்டையே இப்போது இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் குட்டையில் மீனே கிடையாது. அப்படித்தான் கிளைவ் நம்பியிருந்தார். "ஒண்ணும் கிடைக்கல" என்றவனுக்குப் படகில் இடம். "மாட்டுச்சு, தப்பிச்சிடுச்சு" என்றவனுக்கு வாசற்கதவு.

எனக்கு வாசற்கதவு கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. கோல் முனை ஒருமுறை தலையாட்டியது. பிறகு உருளையிலிருந்து நூல் கதறிக்கொண்டு ஓடியது. கோலைப் பிடித்தேன். அடியில் ஒரு கனம், மெதுவாக, யாரோ மூட்டையை இழுத்துப் போவதைப் போல. பிறகு கொக்கி அதன் வாயிலிருந்து பிய்ந்து நூல் தொய்ந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான். கிளைவிடம் போய் அதை அப்படியே சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வால்ட்டு, நீயுமா?" என்றார்.

"என்னய்யா நீயுமா? மாட்டுச்சுன்னா மாட்டுச்சுன்னுதானே சொல்லணும்?"

"வீட்டுக்குப் போ, வால்ட்டு."

தூண்டில் பிடிக்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, கையே கற்றுக்கொண்டது. ஒரு கெண்டையின் இழுப்பும் களைக்கொடியின் இழுப்பும் அந்தக் கைக்குத் தெரியாதா? யாரும் கேட்கவில்லை. அன்று முதல் இதே மாடியில் எனக்குக் கிடைத்த மரியாதை என்ன? "வால்ட்டு, குளிக்கிற தொட்டியில இன்னைக்கு ஏதாவது கடிச்சுதா?" கேட்டவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். தலையைக் குனிய வேண்டாம். கேட்டது கேட்டதுதான்.

எனக்காவது தோல் தடிப்பு. டோரீன் குயில்டர் என்று ஒரு தபால்காரப் பெண் நம் சங்கத்தில் இருந்தார். காற்றில் படகைத் திருப்புவதில் அவருக்கு ஈடாக ஒருவரும் இல்லை. அவரும் அந்தக் குட்டையிலிருந்து வந்து அதையே சொன்னார். "சத்தியமா மாட்டுச்சு கிளைவ்" என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் உண்டு. அவரும் திருப்பி அனுப்பப்பட்டார். கோல்களை விற்றுவிட்டார். இப்போது நம்மில் யாரைத் தெருவில் பார்த்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

கிளைவ் செய்த தவறு எது? நம் கூட்டத்தார் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அவர் பல கோடைகள் அந்தக் குட்டையில் உட்கார்ந்து பார்த்தவர். அவர் கோல் ஒருமுறைகூட அசையவில்லை. தனக்கு மாட்டாத மீன் இல்லாத மீன் என்று முடிவு கட்டிவிட்டார். இந்த அறையில் அந்த முடிவைக் கட்டாதவர் யார்?

இந்த வசந்தத்தில் சூளைக்காரர்கள் குட்டையை இறைத்தார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் போன கிளைவ், சேற்றில் ஏதோ புரள்வதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். தொப்பி கையில் இருந்தது. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"கண்ணாடிக் கெண்டை, வால்ட்டு," என்றார். "முதுகோரமா பெரிய பெரிய செதில். கிழட்டு மீன். இடது வாயோரம் கிழிஞ்சு ஆறின தழும்பு. ரெண்டு தழும்பு."

"சரி."

"ஈரச் சாக்குல சுத்தி நம்ம ஏரியில கொண்டு விட்டுட்டேன்."

"அனுமதி வாங்கினியா?"

"வாங்கல."

"அப்ப அதையும் சேர்த்துச் சொல்லு தலைவர்கிட்ட."

சிரித்தார். "பேருகூட வெச்சுட்டேன்யா. வால்ட்டோட பொய்."

நான் சிரிக்கவில்லை.

"அக்டோபர்ல கிளம்புறோம். பையக் கட்டு, கிழவா."

"கட்டுறேன். சங்கத்துல எல்லார் முன்னாடியும் நின்னு, வால்ட்டு பொய் சொல்லல, டோரீன் பொய் சொல்லலன்னு சொல்லு. எல்லாருக்கும் தெரியுற மாதிரி விரட்டினே. வாசல்ல வந்து கூப்பிடுறியா?"

அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றார். "சனிக்கிழமை கூட்டத்துல சொல்றேன்" என்றார். கதவைச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை அவருடைய இதயம் நின்றுவிட்டது.

கிளைவ், சொல்ல வேண்டியதை ஒரு நாளாவது முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? இதோ, மறுபடியும் நான் யாரும் பார்க்காத ஒன்றைச் சொல்லிக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். புகைப்படம் இல்லை. அனுமதியில்லாமல் மீனைத் தூக்கி வந்தவர் புகைப்படம் எடுப்பாரா? சாட்சி இல்லை. பெரில் அம்மையார் போன வாரம் என்னிடம் சொன்னார்: "அன்னைக்குச் சட்டையெல்லாம் சேறா வந்து நின்னார், வால்ட். என்னன்னு கேட்டா, ஒரு கடன் தீர்க்கணும் கண்ணுன்னார்." அவ்வளவுதான் இருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் சொன்னதை மாற்றப் போவதில்லை. அன்றும் மாற்றவில்லை, இன்றும் மாற்ற மாட்டேன்.

கிளைவ் போனதால் படகில் காலியான இடத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசிய தலைவர், இரை உருண்டை விற்கும் கம்பெனி அனுப்பும் இளைஞருக்கு அதைத் தரலாம் என்றார். அந்த இளைஞரின் புகைப்படங்கள் நன்றாக இருக்கின்றன என்றார். திரு. ஃபாஸ்டைக் அவர்களே, தண்ணீருக்குள் உங்கள் தலைமுடியைத் தேடிய கை புகைப்படம் பார்த்து ஆள் எடுத்த கையா? அந்தக் கையின் இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பதைப் புகைப்படமா சொல்லும்?

எனக்கும் அந்த இடம் வேண்டாம். பெருந்தன்மையால் சொல்லவில்லை. மேடையிலிருந்து கூப்பிட்டிருந்தால் இந்த முழங்காலோடு மலை ஏறியிருப்பேன். வாசலில் கூப்பிட்டார்; அந்த அழைப்புக்கு நான் போக மாட்டேன். அந்த இடம் டோரீன் குயில்டருடையது. இங்கிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போகிறேன். கிளைவ் சொல்லாமல் விட்டதைச் சொல்வேன். கதவைச் சாத்துவார். அதில் எனக்கு அனுபவம் உண்டு, மறுநாளும் போவேன். அக்டோபர் வரை போவேன். உங்களில் யாருக்காவது அவரைக் கேலி செய்த நினைவு இருந்தால் கூட வரலாம்.

கிளைவ் ரடர்ஹாம் நல்ல மனிதர். பிடிவாதக்காரர். என்னைப் பொய்யன் என்று அனுப்பியவர். தெரிந்த மறுநாளே வந்து நின்றவர். இவை அத்தனையும் உண்மை, ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க வேண்டாம். அவர் தொடங்கிய வேலை நிற்காது. படகு இறங்கும். உண்மை சொல்கிறவர்கள்தான் அதில் ஏறுவார்கள். ஆனால் இனிமேல் கேட்கிறவர்களுக்கும் தேர்வு உண்டு.

அந்த மீன் நம் ஏரியில் இருக்கிறது. நான் அதற்குத் தூண்டில் போட மாட்டேன். எனக்கு மாட்டினால் நானே கொண்டு விட்டதாகச் சொல்வீர்கள். உங்களில் யாருக்காவது ஒரு நாள் மாட்டும். ஈர மெத்தையில் கிடத்துங்கள். இடது வாயோரத்தைப் பாருங்கள். கொக்கி குத்திய இடத்தில் மருந்து தடவித் தண்ணீரில் விடுங்கள். பிறகு என் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். மாட்டி, பார்ப்பதற்குள் தப்பிவிட்டாலும் வந்து சொல்லுங்கள்.

புகைப்படம் வேண்டாம். நான் நம்புவேன்.