கம்பியண்ணனுக்குத் தட்டிய கைகள்

அவையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தில் பழுத்த ஆன்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் அன்னையர்களே! அட்டையை மடித்து மடித்து விரல் தேய்ந்த என் ஆருயிர்த் தோழர்களே! அத்தனை பேருக்கும் இந்தச் சூப்பர்வைசரின் வணக்கம்.

"ஊழியர்களுக்கு ஊக்கம் ஊட்டுவது எப்படி?" என்று பேசச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவன். எட்டாவதில் என்னை அசைக்க ஆளில்லை. பின்வரிசை, சிரிக்க வேண்டாம்! நம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் உற்சாகத்தை உண்டாக்கியவன் யார்? நான்தானே?

வேலை முடியும் வேளையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவேன். பதிவேட்டில் ஒரு பெயரைப் படிப்பேன். அவர் செய்த நல்லது ஒன்றைச் சொல்வேன். நாற்பது பேரும் கைதட்டுவார்கள். சோம்பிய கை சுழன்றது. சுணங்கிய கால் துள்ளியது! மேலிடத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒருவர் மயக்கமே போட்டுவிட்டார்.

ஒருநாள் புதிய பதிவேட்டில் பசை கொட்டிவிட்டது. அவசரத்தில் பழையதை எடுத்தேன். விரல் விழுந்த பெயரைப் படித்து, "இவர் பின் அடித்த பெட்டி ஒன்றுகூட வாய் பிளந்ததில்லை" என்றேன். கைகள் பழக்கத்தில் தட்டின. தட்டிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் படித்தது கம்பியண்ணன் பெயர். பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கும் மெஷின் மேலேயே சாய்ந்து உயிர் விட்டு மூன்று வருடம் ஆனவர். இருந்தவரை அவருக்கு ஒரு கைதட்டல் கொடுத்தது யார்? நானா? நீங்களா?

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருந்தோம். உள்ளே டக்... டக்... டக். பாதிப்பேர் காதால் கேட்டவர்கள்தானே, தலையாட்டுங்கள்! போய்ப் பார்த்தால் உறை போட்டபடி அவருடைய மெஷின். கம்பி இல்லை, கரண்டு இல்லை. பக்கத்தில் இடுப்பளவுக்குப் பெட்டிகள், புதுப் பின் பளபளக்க. காலால் அழுத்தும் மிதியைத் தொட்டேன், இளஞ்சூடு. நான் பயப்படவில்லை. கால்தான் வாசல்வரை ஓடியது.

அடுத்த நாள் நெஞ்சளவு. அதற்கடுத்த நாள் கூரையளவு! உற்பத்தி பெருகுகிறதே என்று, உண்மையைச் சொல்கிறேன், அவர் பெயரை இன்னொரு முறை படிக்கவும் ஆசைப்பட்டேன். பதிவேட்டைத் திறந்தேன். லேபிள் ஒட்டும் அண்ணி குறுக்கே வந்து நின்றார். கம்பியண்ணனின் மனைவி.

"தம்பி, கைதட்டினீங்க, சந்தோஷம். ஆனா போதும்னு யாருமே சொல்லலையே. நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா உயிரோட இருந்தப்பவே கேக்க மாட்டாரு."

மதியம் தனியாக உள்ளே போனேன். டக்... டக்... உறையின் கீழே மிதி மட்டும் இறங்கி இறங்கி ஏறியது. நாற்பது பேரை அதட்டியவன், மிதியருகே குனிந்தேன். சொன்னேன்:

"அண்ணே, வேலை ரொம்ப நல்லா இருக்கு. போதும். வீட்டுக்குப் போங்க."

சத்தம் நின்றது. என் தோளை உரசிக்கொண்டு ஏதோ நடந்து போனது. வாசல் கதவு திறந்து, மெல்ல மூடிக்கொண்டது.

முன்வரிசையில் இருக்கும் அதிகாரிகளே! புகழ்ந்து ஏவுவது மட்டுமா ஊக்கம்? பொழுதோடு நிறுத்துவதும் ஊக்கம்! போதுமென்று சொல்வதும் ஊக்கம்! உழைத்தவனை உறவிடம் திருப்பி அனுப்புவதே உயர்ந்த ஊக்கம்!

மறுநாள் அண்ணி தாமதமாக வந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நேத்தே வந்துட்டாரு தம்பி. இன்னும் தூங்குறாரு. எழுப்ப மனசு வரல."

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. இருட்டுவதற்குள் எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.