வேப்பிலை செருகப் படலை இல்லை

போரால் இடம்பெயர்ந்து பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த காலம். சின்னமுத்து அம்மைக்குத் தடுப்பூசி போட நேர்ஸ் வந்திருந்தார். நான் இருமல் மருந்துக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்றவள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

“மூத்தவளுக்குச் சின்னமுத்து, அக்கா. வேப்பிலை செருக வாசலிலை எனக்கொரு படலை இல்லை.”

“ஊரிலை எண்டால் வேப்பிலையைக் கண்டோடனை ஒருத்தரும் உள்ளுக்கு வரமாட்டினம்.”

“ஓம். என்ரை மாமியே ஒழுங்கையாலை திரும்பிப் போயிடுவா. அந்தப் பத்து நாளும் எனக்குத் திருவிழா.”

இருவரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுப் படலையை நானும் நினைத்துக்கொண்டேன்.

“இஞ்சை என்ன செய்தனீ?”

“சீலையைத் திரையாய்க் கட்டி, அதிலை வேப்பிலையைக் குத்தினன். பக்கத்துச் சனம் பாயோடை விறாந்தைக்குப் போயிட்டுதுகள். கையிலை கிடக்கிற இவனை எங்கை கொண்டுபோறது? அவளோடை ஒரே திரைக்குள்ளைதான் கிடக்கிறான். இவனுக்கும் வந்திடுமோ எண்டு பயமாய்க் கிடக்கு.”

அவள் முறை வந்தது.

“எத்தினை மாதம்?” என்று நேர்ஸ் கேட்டார்.

“வாற கிழமைதான் ஒன்பது முடியுது, மிஸி. முடியாமல் போடமாட்டியள் எண்டு சொல்லுகினம்.”

நேர்ஸ் குழந்தையைப் பார்த்தார்.

“வாற கிழமை நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலையோ, நான் எங்கையோ. பிள்ளையின்ரை கையைப் பிடியுங்கோ.”