சபையில் சொன்ன சாட்சி

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் மாமியாரும் மருமகளும். மருமகள் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

"கரு உள்ள தங்காம கர்ப்பப்பை வாசல்லயே உக்காந்துடுச்சு. இத எப்படி அத்த வெளிய சொல்றது?"

"இன்னா இப்போ, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்னு சொல்லிடு."

"ஷூ கம்பெனியில கூட வேல செய்யறவளுங்க தையலைக் காட்டுடின்னு கேப்பாளுங்க. ஊசி போட்டே கரைச்சுட்டாங்களே."

மாமியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்துவிடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமியாரின் குரல் கேட்டது.

"ஒனக்கு நாள் தள்ளின ஒடனே, கர்த்தர் கொழந்த குடுத்துட்டார்னு சபையில எழுந்து சாட்சி சொன்னவ நான்தான். ஞாயித்துக்கெழம நானே சொல்லிடறேன், கொழந்த தங்கலன்னு. கர்ப்பப்பைய எடுக்காம காப்பாத்திட்டாங்கன்னும் சொல்றேன்."

"அத மட்டும் சொல்லாதீங்க அத்த. அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாரும் என் வயித்தையே பாப்பாங்க."