கடல்தொட்டியில் நல்ல தண்ணீர்

கடல் மீனைக் கடலில் விட்டுவைக்காமல், தம்புள்ளைக்குக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது பணம் கொழுத்தவர்களுக்கு வரும் ஆசை. எங்கள் ஹோட்டல் முதலாளி நுஹ்மானுக்கும் அது வந்தது. வாசலில் நுழையும் வெள்ளைக்காரர்கள் வாய் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டி என் பொறுப்பு. கொழும்பிலிருந்து மூட்டையில் வரும் கடலுப்புத் தூளைப் பீப்பாவில் கரைத்து, நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். என் நாக்கு பொய் சொல்லாது.

மீன்கள் செத்தன. மீன் என்றால் சாகும். முதலாளிக்கு அது விளங்கவில்லை. கொழும்பில் அலங்கார மீன் கடையில் வேலை பார்த்த இராசமாணிக்கம் என்பவனைப் பிடித்துவந்தார். அலுவிகாரை ஊர்க்காரன். வந்த அன்றே ஒரு கண்ணாடிக் குழாயைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அதிலுள்ள எண்ணைப் படித்து, உப்பு கூடிவிட்டது என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதோடு விட்டானா? முதலாளிக்கு முன்னால், வரவேற்பு மேசைப் பெண்களும் கேட்க, எனக்குப் பாடம் எடுத்தான்.

"அண்ணே, ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு உள்ளயே கெடக்கு. கொறையிறதுக்கெல்லாம் நீங்க உப்புத் தண்ணிய ஊத்துனா உப்பு ஏறிக்கிட்டே போகும். நல்ல தண்ணி ஊத்துங்க."

கடல் மீனுக்குக் கிணற்றுத் தண்ணீர். முதலாளி அதற்குத் தலையாட்டினார். பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது; அதை மறைக்க வேண்டியதில்லை. அதன்பின் சில மாதம் மீன்கள் சாகவில்லை. அது மழைக்காலத்தின் குளிர்ச்சி. அவனோ தன் கெட்டித்தனம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அது 2007. யுத்தம் நடந்துகொண்டிருந்தது; யாரையும் எங்கும் மறித்துக் கேட்கும் காலம். வீதிச் சோதனைச் சாவடியில் இருந்த சிப்பாய்களுக்கு என்னைத் தெரியும். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்களோடு தேநீர் குடிக்க நின்றபோது சொன்னேன். இராசமாணிக்கத்தின் பெயருக்குக் கொழும்பிலிருந்து வெள்ளைத் தூள் மூட்டை வருகிறது. பீப்பாவில் போட்டு மோட்டார் வைத்துக் கலக்குகிறான். குழாய் வைத்து அளக்கிறான். ஒரு சொல் பொய்யில்லை. மீன் என்ற சொல் அந்தப் பேச்சில் வரவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வேனில் ஏற்றினார்களாம். முதலாளி இராணுவ முகாமுக்குப் போய் விசாரித்தார். அப்படி ஒருவனைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள்.

அவன் மனைவி மங்களேஸ்வரி கைப்பிள்ளையோடு ஹோட்டலுக்கு வந்தாள். வீட்டைச் சோதித்தவர்கள் குண்டு செய்யும் வெள்ளைத் தூள் எங்கே என்று கேட்டார்களாம்.

"அண்ணே, ஒங்களுக்குச் சிங்களம் நல்லா வருமே. அது மீனுக்குப் போடுற உப்புன்னு ஒருக்கா வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

பொறுப்பு என்றால் என்னவென்று அறியாத பேச்சு. அன்று தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு எப்படிப் போவது? போகவில்லை. முறைப்படி உப்புத் தண்ணீரே ஊற்றினேன்.

அவனைக் காட்டிக்கொடுத்தது நான்தான். காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள்; எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். கொஞ்ச நாளில் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. அவன் ஊற்றிவிட்டுப் போன கிணற்றுத் தண்ணீரின் வேலை. உயிரோடு விட்டிருந்தார்களென்றால், கூட்டிவந்து அவன் கண்ணுக்கு முன்னாலேயே காட்டியிருப்பேன்.