கேப்டனின் காதுகள்

காதில் குறும்பி சேர்ந்தால் குச்சி விட்டுக் குடையக் கூடாது. காது கேட்கும் கருவி விற்கும் கடையை முப்பத்தொரு வருடமாக நடத்துகிறேன். வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. இப்போதுகூட அடுத்த மேஜைக்காரர் பேனா மூடியைக் காதில் விட்டுத் திருகிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லிவையுங்கள், இன்ஸ்பெக்டர். பிறகு கேப்டன் விஷயத்துக்கு வரலாம்.

மிதாராய் கேப்டனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓய்வு பெறும்வரை எதிர்த்தீவுக்குப் படகு ஓட்டியவர். படகில் பேசிப் பேசியே குரல் பெருத்துப்போனவர். நான் அவரோடு பழகியது ஓரியே அம்மாவின் காபிக் கடையில். இசைத்தட்டு கேட்பதற்கென்றே உள்ள கடை அது. நாற்காலிகளெல்லாம் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி வரிசையாகக் கிடக்கும். தட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. முடிந்த பிறகு பேசலாம். ஞாயிறு மதியங்களில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். நான் சொல்லப்போவதெல்லாம் தட்டு முடிந்த பிறகு நடந்தவைதான்.

ஷூபர்ட்டின் பியானோ சொனாட்டா ஒன்று. வெரெஷ் என்ற ஹங்கேரி அம்மையார் அதன் முதல் பகுதிக்கு இருபத்துமூன்று நிமிடம் எடுத்துக்கொள்வார். நம் நாட்டு ஹயாசே பதினெட்டே நிமிடத்தில் முடித்துவிடுவார். இருவர் வாசிப்பதும் அதே சுரங்கள், ஒன்றுகூடக் குறையாது. எனக்கு வெரெஷ். கேப்டனுக்கு ஹயாசே. இப்படியே பதினோரு வருடம்.

"உகாய், உங்க ஹங்கேரி அம்மா அடுத்த கட்டைக்கு விரலைத் தூக்குறதுக்குள்ள நான் அக்கரைக்குப் போய் ஆளை இறக்கிட்டு வந்துருவேன்" என்பார் கேப்டன்.

"இது என்ன படகுப் போட்டியா? சாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு ஒருத்தன் பேசுறான் கேப்டன். மெதுவாத்தான் பேசுவான்."

"பேசட்டுமே. வாய் குழறாமப் பேசட்டும். ஓடுனாத்தான் அது ஆறு. நின்னுட்டா குட்டை."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கோபம் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு ஞாயிறு மட்டும் வெரெஷ் தட்டு ஓடும்போது கண்ணை மூடியிருந்தேன். கண்ணில் நீர் வந்திருந்தது. தட்டு நின்றதும் கேப்டன், "சத்தம் போடாதீங்க, உகாய் தூங்கட்டும்" என்றார். ஓரியே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அவ்வளவுதான். அதற்காக யாரும் யாரையும் எதுவும் செய்துவிடுவதில்லை.

போன வருடம் ஏப்ரலில் கேப்டன் என் கடைக்கு வந்தார். பேத்தி பேசுவது சரியாக விழவில்லையாம். வேறு கடைக்குப் போயிருக்கலாம். "சண்டையெல்லாம் பாட்டோட சரி. காதுன்னு வந்தா உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றார். பரிசோதித்தேன். மேல்தாயி ஒலிகளில், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளில், கொஞ்சம் குறை. அந்த வயதுக்கு அது பெரிய விஷயமே இல்லை. நல்ல கருவியாகத் தேர்ந்து, அரை நாள் செலவழித்து, அவர் காதுக்கு அச்சாகப் பொருத்திக்கொடுத்தேன். என் தொழிலில் அதைவிட நன்றாக நான் செய்ததில்லை.

அந்த ஞாயிறு அவர் ஹயாசேயைப் போடச் சொன்னார். பதினெட்டு நிமிடமும் ஆடாமல் அசையாமல் கேட்டார். முடிந்ததும் எழுந்து நின்றார்.

"கூழாங்கல்லைக் கழுவி வச்ச மாதிரி ஒவ்வொரு சுரமும் தனித்தனியாத் தெரியுது. பாத்தீங்களா உகாய், நீங்க பொருத்துன மெஷினே ஹயாசேவுக்கு ஓட்டுப் போட்டுருச்சு!"

கடை முழுவதும் கைதட்டியது. எனக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து வழக்கமான சரிபார்ப்புக்கு வந்தார். கருவியில் மேல்தாயியைக் கொஞ்சம் இறக்கினேன். மிகக் கொஞ்சம். மேல்தாயி மங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. வேகமாக வாசிப்பது ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு சேறாகிவிடும். நிதானமாக வாசிப்பதில் சுரங்களுக்கு நடுவே இடம் இருப்பதால் அது தப்பித்துக்கொள்ளும். ஒருவருக்கு நல்ல இசையைப் புரியவைக்க வாதத்தால் முடியாதபோது, வேறு வழியை முயன்று பார்ப்பதில் தவறில்லை என்று நினைத்தேன். ஒவ்வொரு சரிபார்ப்பிலும் இன்னொரு படி இறக்கினேன். பக்கத்து மேஜைக் கோப்பைச் சத்தம் தொந்தரவு செய்கிறது என்றார். எதிரிலிருந்து வரும் ஒலியை மட்டும் எடுக்கும்படி மாற்றிவைத்தேன். அது அவரே கேட்டுச் செய்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசி ஞாயிறு. ஹயாசே தட்டு பாதி ஓடும்போதே கேப்டன் முகம் சுளித்தார். பிறகு வெரெஷ். முடிந்ததும் அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து என் நாற்காலிக்கு முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"உகாய் சான், பதினோரு வருஷமாத் தப்பாக் கேட்டுட்டேன். அந்தப் பய வாசிக்கிறது வெறும் இரைச்சல். மன்னிச்சுருங்க."

அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பழகிய படிக்கட்டுச் சந்திலேயே இரண்டு தடவை வழி தவறினேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள்.

அத்தோடு கருவியைப் பழையபடி வைத்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் வைத்தால் ஹயாசே மறுபடி கூழாங்கல்லாகிவிடுவாரே. எழுபத்தாறு வயதில் ஒரு மனிதர் பாடுபட்டு ஒரு தெளிவுக்கு வந்திருக்கிறார். அவரைத் திரும்பவும் குழப்புவது நாகரிகமாகப் படவில்லை.

டிசம்பரில் அவர் மகள் நத்ஸுமே கடைக்கு வந்தாள்.

"அப்பா சாப்பாட்டு மேசையில வாயே திறக்க மாட்டேங்கிறார். பாப்பா கூப்பிட்டாத் திரும்புறதில்லை. அது இப்பல்லாம் தாத்தாகிட்டப் போறதே இல்ல. மெஷின்ல ஏதாவது கோளாறா, உகாய் சான்?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. வயசும்மா. மூளை பழகணும். பொறுமையா இருங்க."

கொண்டுவந்த ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இனிப்பான ஆரஞ்சு.

புத்தாண்டு கழிந்து கேப்டனே வந்தார். "கெண்டி கொதிச்சு விசிலடிக்கிறது கேக்கல. அதை விடுங்க. ரயில்பாதை மணி தண்ணிக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு. எங்கேருந்து வருதுன்னே தெரியல" என்றார். கருவி கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கப் பதினைந்து விநாடி போதும். அவர் முகத்தைப் பார்த்தேன். என்னை முழுதாக நம்பிய முகம். "மணியை நம்பாதீங்க கேப்டன், சிவப்பு விளக்கைப் பாருங்க" என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு படி இறக்கினேன். அடுத்த ஞாயிறு ஓரியே அம்மா இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துப் போடுவதாக இருந்தார்.

காபிக் கடைக்கு ஏறும் சந்தில் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். தடுப்புக் கம்பு இல்லாத நடைபாதை. ஒரு மணி, ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஜனவரியில் மூன்று மணி வெயில் அந்த விளக்கின் மேல் நேராக விழும். எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் அது தெரியாதென்று. ஞாயிறுதோறும் நானும் அந்த வழியாகத்தானே போகிறேன். அந்த ஞாயிறு சரக்கு ரயில் பக்கவாட்டில் வந்தது. கேப்டன் எதிரே மட்டும் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

நான் அப்போது காபிக் கடையில் என் நாற்காலியில் இருந்தேன். "கேப்டன் வரட்டுமே" என்று ஓரியே அம்மா பத்து நிமிடம் தட்டைக் கையிலேயே வைத்திருந்தார். கீழே ரயில் வெகுநேரம் பிரேக் போடும் சத்தம் கேட்டது. "நாம தொடங்கிடலாம்" என்று நான்தான் சொன்னேன்.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் ஆம். எட்டுத் தடவை இறக்கினேன். வேண்டுமென்றே இறக்கினேன். ஆபத்து என்று தெரிந்த பிறகும் இறக்கினேன். கருவிக்குள் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகும். நத்ஸுமே அதை வேறொரு கடைக்காரரிடம் காட்டப்போய்த்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். நான் முன்பே அழித்திருக்கலாம். சுத்தமாகச் செய்த வேலையின் குறிப்பை யாராவது அழிப்பார்களா?

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நேற்று நீங்கள் அனுப்பிய பெண் மருத்துவர் என் காதுகளையும் பரிசோதித்தார். நான் இதுவரை பரிசோதித்துக்கொண்டதில்லை. நாவிதர் தன் பிடரியைத் தானே மழித்துக்கொள்வதில்லை, இல்லையா? மருத்துவர் இரண்டு வரைபடத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ஒன்று, கடைசியில் கேப்டனுக்குக் கேட்டது. இன்னொன்று, எனக்குக் கேட்பது.

"கோடு ரெண்டும் விலகவே இல்ல பாருங்க. உங்களுக்கு மேல்தாயி போய்ப் பன்னெண்டு வருஷமாவது இருக்கும். ஹயாசே வாசிக்கிறது உங்களுக்குச் சேறாத்தான் கேட்டிருக்கும்" என்றார்.

மரியாதையான பெண். ஆனால் சின்ன வயது, அனுபவம் போதாது. அந்தப் பரிசோதனைக் கருவி பழையது. தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கடைச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? சின்னத் திருப்புளி ஒன்றை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். நானே சரிசெய்து தருகிறேன்.