வாடை போய்விட்டது

காபி குடித்து முப்பத்துமூன்று மணி நேரம் ஆகிறது, சார். அதனால் நீங்கள் வைத்திருக்கும் இந்தக் கோப்பையை எடுத்துக்கொள்கிறேன். இனி என் மூக்கு யாருக்கும் தேவைப்படாது.

எங்கள் வினிகர் பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. முகர வேண்டிய நாளில் காபி கூடாது, பூண்டு கூடாது, வாசனை சோப்பு கூடாது. பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து முடித்ததும் இந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பீப்பாய்களிலிருந்து சின்னக் குப்பிகளில் மாதிரி வரும். மூடியைத் திறந்து ஒரு மூச்சு இழுத்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வேன். அதிகம் பேச வேண்டாத வேலை, எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் என் சொல்லை யாரும் மறுபடி சோதித்துப் பார்த்ததில்லை.

என் கணவர் ஓரியானோவுக்கு வாசனை தெரியாது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டது. கெட்டுப்போன இறைச்சிக் குழம்பை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, உப்பு குறைவு என்று சொன்னவர் அவர். நான் வேலையிலிருந்து திரும்பியபோது கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். என்னிடம் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் என்னைவிட வயதில் மூத்தது. அடர் நீலம். இரண்டே இருக்கைகள், ஓட்டும் அவர் இடது பக்கம், நான் வலது பக்கம். அவற்றுக்குப் பின்னால் ஒரு தகடு, தகட்டுக்கு அப்பால் பெட்ரோல் டேங்கும் எஞ்சினும். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது எனக்குப் பெட்ரோல் வாடை அடித்தது. அவரிடம் நான்தான் முதலில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தீ என்றால் ஓரியானோவுக்கும் பயம். அதனால் அந்த வாடையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் அவரிடம் மூக்கு இல்லை.

“எனக்கு மூக்கு இல்ல, உனக்கு தைரியம் இல்ல. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டா ஒரு முழு மனுஷன் ஆயிருவோம். வா, ஏறு.”

கார் நின்றுகொண்டிருந்தால் வாடை வராது. டேங்க் பாதி காலியாக இருந்தாலும் வராது. மெதுவாகப் போனாலும் வராது. டேங்க் நிரம்பியிருக்க வேண்டும், இடது பக்கம் திரும்பும் வளைவில் வேகமாகத் திரும்ப வேண்டும். அப்போது என் வலது தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு நெடி வரும். இரண்டு மூச்சு இழுப்பதற்குள் போய்விடும். ஆகவே அதைத் தேட மலைச்சாலை வேண்டும், வேகம் வேண்டும், அந்த இருக்கையில் நான் வேண்டும்.

எனக்கு வேகம் என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே. இடது வளைவில் கார் என் பக்கம்தான் வெளியே தள்ளும். கதவுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. கீழே வீடுகளின் ஓடுகள் தெரியும்.

“கண்ண மூடிக்கோ,” என்பார் ஓரியானோ. “மூக்க மட்டும் தொறந்து வை.”

மூடினால் இன்னும் மோசம். எப்போது தள்ளப்போகிறது என்று தெரியாமல் உடம்பு காத்திருக்கும். நாளாக ஆக, சனிக்கிழமை காலையிலேயே என் விரல்கள் சில்லிடத் தொடங்கின. இரவில் சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஷெட் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். அவரிடம் சொன்னேன். பழகிவிடும் என்றார்.

முதலில் டேங்க் மூடியின் ரப்பரை மாற்றினார். சோதித்துப் பார்க்க மலைக்குப் போனோம். வாடை இருந்தது. பிறகு கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினார், மறுபடி போனோம். பிறகு ஒரு குழாயின் கிளாம்ப்.

அந்தக் கிளாம்புக்குப் பிறகு போன நாளில்தான், வளைவுக்கு அப்பாலிருந்து பன்றி ஏற்றிய லாரி நடு ரோட்டில் வந்தது. ஓரியானோ திருப்பினார். என் பக்கச் சக்கரம் சரளைக்கல்லில் இறங்கியது. கதவுக்கு வெளியே தரை இல்லை. லாரியின் கம்பிகளுக்கு நடுவே ஒரு பன்றியின் கண்ணைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. பிறகு கார் நின்றது.

“பாத்தியா! எப்படிப் பிடிக்குது பாரு வண்டி!” என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு, “வாட?”

இருக்கிறது என்றேன். இருந்தது. என் பாவாடையும் இருக்கையும் நனைந்திருந்தன. அதை அவர் பார்த்தார். தன் ஸ்வெட்டரைக் கழற்றி, இடுப்பில் கட்டிக்கொள்ளக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவர் அன்பாகத்தான் நடந்துகொண்டார்.

பழைய கார்க்காரர்களின் சங்கம் வருடா வருடம் மே மாதம் நடத்தும் கார் மலையேற்றம் உங்களுக்குத் தெரியும். நேற்று நீங்களும் சதுக்கத்தில் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு காரில் இரண்டு பேர் போக வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அதற்கு முன்பு ஒரு விருந்து நடக்கும். போன வாரம் புதன்கிழமை நடந்தது. நீண்ட மேசை. தொர்த்தெல்லினி சூப் கிண்ணங்கள் வந்து, லம்புருஸ்கோ ஒயின் இரண்டாம் சுற்று போனபோது, ஓரியானோ எழுந்து நின்று பன்றி லாரிக் கதையைச் சொன்னார்.

“பெட்ரோல் வாடையத் தேடிப் போனோம். கடைசியில வேற வாட வந்துருச்சு. நல்லவேள, எனக்கு மூக்கு இல்ல!”

மேசை முழுக்கச் சிரித்தது.

“தோல் சீட்டாச்சேடா! காய வச்சியா, மாத்திட்டியா?” என்று யாரோ கேட்டார்கள்.

“வினிகர் ஊத்திக் கழுவினேன். வீட்டுல அதுக்கா பஞ்சம்?”

ஓரியானோவின் அக்கா நிவெஸ் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அடுத்த தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு ஒரு பை ரொட்டி கொண்டுவருவார், காசு வாங்கமாட்டார். நிவெஸும் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரும்தான் சிரித்தார்கள். சொல்லப்போனால், முதலில் நிறுத்தியவரும் அவர்தான்.

“போதும்டா. அவ மூஞ்சியப் பாரு, பாவம். மலையேத்தத்துக்கு அவள விடு. நான் வர்றேன்.”

“நீயா? உன்ன ஏத்தினா வண்டி மேல ஏறுமா?”

“ஏறலன்னா நீ எறங்கித் தள்ளு. சின்ன வயசுல உன்னத் தூக்கிச் சுமந்தது யாரு?”

மறுபடி சிரிப்பு. ஓரியானோ யோசித்தார். கார் விஷயத்தில் அவர் கவனமானவர்.

“சரி. ஆனா ஒண்ணு. வாட போச்சுன்னு தேலியா சொன்னா நீ வா. போகலன்னா, என் மூக்கு என் பக்கத்துல இருக்கணும்.”

நிவெஸ் மேசைக்குக் குறுக்கே கை நீட்டி என் விரல்களைப் பிடித்தார். “ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கேடி,” என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. ஓரியானோ மாலையில் வந்தார். டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கும் கடை அவருடையது. கையைக்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றார்.

“என்ன சொல்லுது மூக்கு?”

“போயிருச்சு,” என்றேன். “நல்லாப் பாத்துட்டேன். வாட இல்ல.”

என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி, மூக்கின் நுனியில் முத்தமிட்டார். எண்ணெய்க் கையின் தடம் என் சட்டையில் இன்னும் இருக்கிறது.

அது பொய். பயத்தில் சொன்ன பொய். இருக்கிறது என்று சொல்லியிருந்தால், சனிக்கிழமை ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி மலைக்குக் கூட்டிப்போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் பார்க்க அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். என்னால் முடியாது. வேறொன்றும் இல்லை, சார். அந்த இருக்கையில் உட்காராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நேற்றுக் காலை எட்டு மணிக்குச் சதுக்கத்து பாரில் காபி குடித்தேன். ஒன்று குடித்து முடித்ததும் இன்னொன்று கேட்டேன். பார்க்காரர் ஈவோ ஆச்சரியப்பட்டார்.

“என்ன, இன்னிக்கு மூக்குக்கு லீவா?”

“ஆமா,” என்றேன்.

நிவெஸ் தலையில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். பழைய கொக்கி அது. அழுத்தித் திருக வேண்டும், புதியவர்களுக்கு வராது. சதுக்கம் சரிவானது, பார்த்திருப்பீர்கள். கார் வலப்பக்கம் சாய்ந்து சாக்கடை ஓரமாக நின்றது. ஓரியானோ டேங்கை விளிம்புவரை நிரப்பியிருந்தார். எஞ்சினை முடுக்கியதும் நிவெஸ் மூக்கைச் சுளித்தார்.

“ஏய், எனக்கு என்னமோ பெட்ரோல் அடிக்கிற மாதிரி இருக்கே.”

ஓரியானோ உடனே எஞ்சினை அணைத்தார். உடனே அணைத்தார், சார். திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னல் வழியாக உள்ளே குனிந்தேன். நிவெஸின் தோளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். இரண்டு காபிக்குப் பிறகும் தெளிவாக இருந்தது.

“சுத்தி இத்தன பழைய வண்டி நிக்குது,” என்றேன். “அதுங்களோட வாட.”

“அவ சொன்னா சரிதான்,” என்றார் நிவெஸ். “எனக்கு ரொட்டி கருகினா மட்டும்தான் தெரியும்.” என் கன்னத்தைத் தட்டினார். “போ, போய் நிம்மதியா உக்காரு. மேல நான் கத்துற கத்து உனக்கு இங்க கேக்கும்.”

கேட்கவில்லை. முதலில் புகைதான் தெரிந்தது, கணவாய்க்குக் கீழே இருக்கும் பெரிய இடது வளைவுப் பக்கம். ஓரியானோ வெளியே குதித்து, சுற்றி ஓடி, அந்தப் பக்கக் கதவைத் திறந்திருக்கிறார். கொக்கியை அழுத்தித் திருகவும் பார்த்திருக்கிறார். அவருடைய இரண்டு கைகளும் எப்படி இருக்கின்றன என்று நீங்கள் சொன்னீர்கள்.

தவறு தன்னுடையது என்று அவர் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். தனக்கு மூக்கு இருந்திருந்தால் அக்கா உயிரோடு இருப்பார் என்கிறார். தேலியா ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை, அதற்குப் பிறகுதான் ஏதோ புதிதாக உடைந்திருக்கிறது என்கிறார். நேற்றிலிருந்து என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். நான் போகவில்லை. எனக்கு இன்னும் அவரைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதனால்தான் மருத்துவமனைக்குப் போகும் பேருந்திலிருந்து இறங்கி இங்கே வந்தேன்.

நீங்கள் இப்போது கேட்டது நல்ல கேள்வி. “வண்டி நின்னா வாடையே வராதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப வியாழக்கெழம நல்லாப் பாத்துட்டேன்னு சொன்னீங்களே, ஷெட்டுல நின்ன வண்டியில எப்படிம்மா பாத்தீங்க?”

பரிசோதனைக் கூடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இடது வளைவில் என்ன நடக்கிறது? டேங்கில் இருக்கும் பெட்ரோல் வலது பக்கம் ஒதுங்குகிறது. அதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. காரின் இடது பக்கத்தைத் தூக்கினால் போதும். இது எனக்குப் பிப்ரவரியிலேயே தோன்றியிருக்க வேண்டும். ஓடும் காரில் எனக்கு மூளை வேலை செய்யாது. வியாழக்கிழமை, கார் நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது.

அந்தக் காருக்கு ஜாக்கி வைக்க ஒவ்வொரு பக்கமும் நடுவில் ஒரே இடம்தான். ஏற்றினால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் சேர்ந்து எழும்பும். கேனில் இருந்த பெட்ரோலை ஊற்றி டேங்கை நிரப்பினேன். இடது பக்கம் ஜாக்கியை முடிந்தவரை ஏற்றினேன். பின்மூடியைத் திறந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதுவும் ஓடவில்லை, எதுவும் தள்ளவில்லை. அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது.

டேங்கின் மேலே, வலது ஓரத்தில், விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் போகிறது. அதன் அடிப்பக்கத்தில் வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே ஒரு துளி திரண்டது. விழுந்தது. நேர் கீழே சைலன்சர் குழாய். அப்போது அது குளிர்ந்திருந்தது. ஓடும்போது அது எவ்வளவு சூடேறும் என்று எனக்குத் தெரியும். அடுத்த துளியும் அங்கேயே விழுந்தது.

ஒரு முழம் ரப்பர் குழாய், அரை மணி நேர வேலை. மாற்றிய பிறகு அதே ஜாக்கியில் ஏற்றிச் சோதித்துவிடலாம். யாரும் மலைக்குப் போக வேண்டாம். வாடை போய்விட்டது என்று உண்மையாகவே சொல்லியிருக்கலாம். அப்போதும் அந்த இருக்கையில் நிவெஸ்தான் உட்கார்ந்திருப்பார். பத்திரமாக மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று பார்க்கிறீர்கள். பயம், சார். முதலிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வெடிப்பு வலது இருக்கைக்கு நேர் பின்னால் இருந்தது. ஷெட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை அங்கே யார் உட்காரப்போகிறார் என்று நினைத்துப் பார்த்தேன். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்தது ஞாபகம் வந்தது. பிறகு சைலன்சர் குழாயைத் துணியால் துடைத்தேன். மூடியைச் சாத்தினேன். ஜாக்கியை இறக்கினேன்.

கை நடுங்கவே இல்லை.