எண்பது கிலோமீட்டர் ஓட்டணுமாம்

இல்லக்கா, எனக்கு ஒண்ணும் சுத்து வழி இல்ல. இன்னைக்கு எல்லா வழியும் எனக்கு வழிதான். சாயங்காலத்துக்குள்ள எண்பது கிலோமீட்டர் ஓட்டியாகணும், எங்கன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. முன்னாடியே உக்காருங்க. பின்சீட்டுல என் பொண்ணோட பெட்டி, தலையணையெல்லாம் ஏத்தி வெச்சு ஒரு மாசமாச்சு.

எதுக்கா? அதை ஏன் கேக்கறீங்க. இந்தக் காருக்குப் புகைச் சோதனை. மூணு தடவை போயி மூணு தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. இதோ, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி, இந்த இடத்துல மஞ்சளா ஒரு விளக்கு எரியும். அது எரிஞ்சா சோதனையில தேறாது. எங்கயோ பெட்ரோல் ஆவி கசியுதுன்னு அர்த்தமாம். இப்ப ஒண்ணும் தெரியாத பிள்ளையாட்டம் அணைஞ்சு கெடக்கு, நம்பிடாதீங்க.

எங்க மெக்கானிக் அண்ணன் தங்கமான மனுஷன்க்கா. மொதல்ல ஒரு குழாயை மாத்தினார். விளக்கு போச்சு, நாலாம் நாள் வந்துடுச்சு. அப்புறம் ஒரு வால்வு. போச்சு, வந்துடுச்சு. மூணாவது தடவை காருக்கு அடியில போயிப் படுத்தவர், சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கல. இது என் மானப் பிரச்சினைன்னுட்டார். கடைசியில கடுப்பாகி பேட்டரி வயரையே கழட்டி மாட்டினார். விளக்கு அணைஞ்சது, நாங்களும் ஜம்முனு போயி நின்னோம். அங்க இருந்த அம்மா மெஷினைச் சொருகிப் பாத்துட்டு, வயரைக் கழட்டினதுல உங்க காரோட கம்ப்யூட்டருக்கு எல்லாமே மறந்துபோச்சு, எண்பது கிலோமீட்டர் ஓட்டி ஞாபகம் வரவெச்சுக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. எங்க நாத்தனாருக்கு இப்படிக் கழட்டி மாட்ட ஒரு வயர் இருந்தா எவ்ளோ நல்லாருக்கும். சிரிக்க வைக்காதீங்கக்கா, நான் ரோட்டைப் பாக்கணும்.

கார் பொண்ணுக்குத்தான். வீடு வீடாப் போயி ரத்தம் எடுக்கற வேலை, எட்டு மணி நேரத் தூரத்துல. சோதனையில தேறின கார் இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. திங்கக்கிழமை வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்னு நேத்து சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலையில கடைசிச் சோதனை. நேத்திலேருந்து அவ சரியாச் சாப்பிடவே இல்ல. என் கையில குத்திக் குத்தித்தான் கத்துக்கிட்டா அவ. இதோ, இந்தக் கைதான். மொதல்ல நரம்பே கிடைக்காது, நான் கத்துவேன், அவ அழுவா. இப்பல்லாம் குத்தினதே தெரியாது.

ஆமா, வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான்.

அந்தத் திருப்பத்துலயா எறங்கணும்? சரி, ஓரமா நிறுத்தறேன். இதோட அறுபது கிலோமீட்டர் ஆச்சு. போறதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணுங்கக்கா. பின்பக்கம் பெட்ரோல் மூடி இருக்கு பாருங்க. அதை வலப்பக்கமா முறுக்கணும். டக், டக், டக்னு மூணு சத்தம் கேக்கணும். மெக்கானிக் அண்ணன் மொத நாளே கேட்டார், மூடியை இறுக்கித்தானே மூடறீங்கன்னு. ஆமான்னேன். பாவம், அவர் காரைத்தான் சந்தேகப்பட்டார், என்னை இல்ல.

பெட்ரோல் எப்பவும் நான்தான் போடுவேன். ஒரு டக்கோட நிறுத்திடுவேன், ஆவி கசிய அது போதும். இன்னைக்குக் காலையிலகூட இறுக்கிடணும்னுதான் கையை வெச்சேன், கை திரும்பமாட்டேங்குது. நீங்க முறுக்குங்கக்கா. நான் இங்கேருந்தே எண்ணறேன்.